வைரஸோடு மோதிய மரபணுவைப் பென்சிலால் எண்ணிப் பார்ப்பது எப்படி

இயற்கைத் தேர்வு என்றதும் ஏ.எல் பயோ பிள்ளைகள் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைத்தான் சொல்கிறார்கள். திருகோணமலையில் என்னிடம் வகுப்புக்கு வருகிறவர்களும் அப்படியே. அதனால் போன விடுமுறையில் ஆளுக்கு இரண்டு போட்டோக்கொப்பித் தாள் கொடுத்து அவர்களையே எண்ண வைத்தேன். நீங்களும் ஒரு பின்னேரத்தில் செய்து முடிக்கலாம், கடைசியில் இது புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும்.

மரபணு வரிசைகளைச் சேர்த்து வைத்திருக்கும் என்சிபிஐ (NCBI) தளத்தில், வைரஸ்களை எதிர்க்கும் அபோபெக்3ஜி (APOBEC3G) என்ற மரபணுவைத் தேடுங்கள், காசு கிடையாது. மனிதனுடையதையும் ரீசஸ் குரங்கினுடையதையும் எடுங்கள். நம் காடுகளில் திரியும் செங்குரங்குக்கு ரீசஸ் நெருங்கிய சொந்தம். புரதத்துக்கான பகுதி மட்டும் போதும், மனிதனில் அது 384 கோடோன், அதாவது ஆளுக்கொரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொற்கள். இரண்டையும் மும்மூன்று எழுத்தாகப் பிரித்து ஒன்றின் கீழ் ஒன்றாக வையுங்கள். எங்காவது எழுத்து கூடிக் குறைந்தால் இடைவெளி விட்டுச் சரிப்படுத்த வேண்டும், இதில் அவசரப்பட்டால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் பிழையாகிப் போகும்.

அப்புறம் மாறிய இடங்களை வட்டமிட்டுக் கோடோன் அட்டவணையைப் பாருங்கள். சிஏஜி, சிஏஏ ஆனால் இரண்டுமே குளுட்டமின்தான், அது அமைதியான மாற்றம். ஜிஏஏ, ஏஏஏ ஆனால் குளுட்டமிக் அமிலம் போய் லைசின் வந்துவிடும். இரண்டு வகையையும் தனித்தனியே எண்ணுங்கள்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். மாற்றம் தற்செயலாக விழுந்தாலே ஏறக்குறைய நான்கில் மூன்று அமினோ அமிலத்தை மாற்றிவிடும், ஆகவே அமினோ அமிலத்தை மாற்றியது 30, அமைதியானது 10 என்று வந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒப்பிட, டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதங்களில் ஒன்றான ஹிஸ்டோன் எச்4இன் மரபணுவையும் எண்ணுங்கள்: அமைதியான மாற்றங்கள் இருக்கும், அமினோ அமிலமோ அசையாது, ஏனென்றால் மாறியதையெல்லாம் தேர்வு கழித்துவிட்டது. அபோபெக்3ஜியில் கதை தலைகீழ். அங்கே மாறினால்தான் பிழைக்கலாம், எதிரில் இருக்கும் வைரஸும் மாறிக்கொண்டே இருக்கிறதே. 128ஆம் இடத்தைப் பாருங்கள்: நமக்கு அஸ்பார்டிக் அமிலம், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குக்கு லைசின். அந்த ஒரு அமினோ அமிலத்தால் எச்ஐவியின் விஃப் புரதத்துக்கு அந்தக் குரங்கின் அபோபெக்3ஜியைப் பிடித்து அழிக்க முடிவதில்லை. இந்த மோதல் எச்ஐவிக்கு மிகவும் முந்தியது என்று 2004இல் சாயர், எமர்மன், மாலிக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் காட்டினார்கள்.

சரி, புற்றுநோய் எங்கே வருகிறது? மனிதனின் 22ஆம் நிறமூர்த்தத்தில் இந்த அபோபெக்3 குடும்பத்தின் ஏழு மரபணுக்கள் வரிசையாக நிற்கின்றன, எலிக்கு ஒன்றே ஒன்று. இவற்றின் வேலை ஒற்றை இழை டிஎன்ஏயில் சி எழுத்தை யு ஆக்கி வைரஸின் வாசகத்தைக் கெடுப்பது. ஏழில் 3ஏயும் 3பியும் சில வேளை நம் சொந்த டிஎன்ஏயிலும் கைவைக்கின்றன, அதுவும் முன்னால் டி நிற்கிற சியை விரும்பி.

அந்தத் தடத்தைப் பார்க்க, கலத்தை வளரத் தூண்டும் பிஐகே3சிஏ (PIK3CA) மரபணுவில் 541ஆம் கோடோனிலிருந்து ஐந்தை எழுதுங்கள்: டிசிடி, ஜிஏஏ, ஏடிசி, ஏசிடி, ஜிஏஜி. அதன் கீழே எதிர் இழையை எழுதி அதை வலமிருந்து இடமாக வாசியுங்கள். இரண்டு குளுட்டமிக் அமிலக் கோடோன்களும் தொடங்கும் இடத்தில் டிசிஏ என்று வரும். அந்த சி மாறினால் எதிரே நிற்கும் ஜி, ஏ ஆகி 542ம் 545ம் லைசினாகிவிடும், கருப்பை வாய், சிறுநீர்ப்பை, மார்பகப் புற்றுநோய்களில் அடிக்கடி காண்பது இந்த இரண்டு விகாரங்களைத்தான். முதன்முதலில் இதைக் கண்டபோது பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

ஆனால் நீங்கள் எண்ணியது 3ஜி, சந்தேகம் 3ஏ, 3பி மேல், இரண்டையும் குழப்பாதீர்கள். 3பி மரபணுவே இல்லாமல் பிறப்பவர்களும் உண்டு, ஓசியானியாவில் பெரும்பாலானோர் அப்படி. 3பி இல்லாதவர்களின் மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளில் இந்த வகை விகாரம் குறையவில்லை, கூடித்தான் இருந்தது. சீனப் பெண்களில் நோய் அபாயமும் கூடித் தெரிந்தது, எல்லா மக்களிடமும் அப்படித் தெரியவில்லை. அதனால் இதை வைத்து வீட்டில் யாருக்கும் அபாயக் கணக்குப் போட வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது வேறொன்று இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸான எச்பிவி தொற்றிய கலத்தில் 3பி கூடுகிறது, அந்தத் தொற்றைத் தடுக்கும் ஊசியை 2017இலிருந்து ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே போடுகிறார்கள். தங்கை போட்டாளா என்று இன்றைக்கே கேளுங்கள், அம்மாவுக்கு 35 தாண்டியிருந்தால் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்து வெல் வுமன் கிளினிக்குக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனைக்காக ஒருமுறை கூட்டிப் போங்கள்.