முதல் தட்டு முந்திவிடும்: கிளிக்கில் நான் விட்ட பிழைகள்

போன கிழமை ஏறாவூரிலிருந்து பழக வரும் பொடியன் ஒருவன் தன் ப்ரொஜெக்டைக் காட்டினான். எருமைத் தயிர் விற்பவர்களுக்கான கணக்கு. பட்டியலில் பெயரை ஒருதரம் கிளிக் பண்ணினால் அன்றைய கணக்கில் ஒரு சட்டி கூடும். டபுள் கிளிக் பண்ணினால் அந்த ஆளின் முழுக் கணக்கும் திறக்கும். கோடிங்கைப் பார்த்தேன். நடுவில் 300 என்று ஓர் எண். பல வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே எண். யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லோரும் எப்படித்தான் அந்த 300இடம் போய்ச் சேருகிறார்களோ!

எழுத்து சின்னது, நிறம் கண்ணைக் குத்துகிறது என்பதெல்லாம் இந்தப் பிள்ளைகள் தாங்களே கண்டு திருத்திக்கொள்வார்கள். அதை விடுவோம்.

## ஒரே வரிசையில் இரண்டு வேலை

சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலைக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்தேன். நெல் கொண்டுவந்தவர்களின் பட்டியல் திரையில் வரும். ஒரு கிளிக் என்றால் 'காசு கொடுத்தாயிற்று'. டபுள் கிளிக் என்றால் எத்தனை மூடை, என்ன விலை என்ற விபரம் திறக்கும். வேலை கெதியாக நடக்கட்டும் என்று செய்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பெரும்போக அறுவடை முடிந்த நேரம். மல்வத்தைப் பக்கமிருந்து ஒருவர் காசுக்கு வந்து நின்றார். கணக்கப்பிள்ளை அவர் பெயரில் டபுள் கிளிக் பண்ணினார். 'கொடுத்தாயிற்று' என்றது திரை. "நான் காசு வாங்கல்ல. என்ட நெல்லு உங்கட ஸ்டோருக்குள்ள கிடக்கு" என்று அந்த மனிசன் போட்ட சத்தத்தில் லொறிக்காரர்களும் கூடிவிட்டார்கள். ஆலைக்காரர் ஹாஜியார் எனக்கு போன் எடுத்து அமைதியாகத்தான் கேட்டார்: "பாத்தாலே காசு குடுக்கிற கொம்பியூட்டரையா தம்பி தந்திருக்கீங்க?"

அவர் கேட்டது அப்படியே சரி. பிரவுசருக்கு முதலில் ஒரு கிளிக் வரும், பிறகு இன்னொரு கிளிக், அதற்கும் பிறகுதான் டபுள் கிளிக் என்ற செய்தி. இரண்டாவது தட்டு வரப்போகிறதா என்பது முதல் தட்டின்போது கொம்பியூட்டருக்குத் தெரியாது. கணக்கப்பிள்ளை விபரம் பார்க்கப் போட்ட முதல் தட்டிலேயே காசு கொடுத்ததாகக் கணக்கு விழுந்துவிட்டது.

அதைத் திருத்தப் போய் நான் செய்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. முதல் கிளிக் வந்ததும் 300 மில்லிசெக்கன் பொறு, இரண்டாவது வராவிட்டால் மட்டும் கணக்கில் எழுது என்று போட்டேன். என் மேசையில் அருமையாக வேலை செய்தது. கணக்கப்பிள்ளைக்கு அறுபது தாண்டிய கை. தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் அரைச் செக்கன் கிட்ட எடுக்கும். விண்டோஸ் வழக்கமாக 500 மில்லிசெக்கன் வரை டபுள் கிளிக்காக எடுத்துக்கொள்ளும். மவுஸ் செட்டிங்கில் அதைக் கூட்டலாம், குறைக்கலாம். எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று வலைப்பக்கத்தால் அறிய வழியில்லை. ஆக, 300 முடிந்து கணக்கும் விழும், பின்னாலேயே விபரமும் திறக்கும். சரி, 500 ஆக்கினால்? ஒவ்வொரு கிளிக்கும் அரைச் செக்கன் தூங்கும். வேலை செய்யவில்லை என்று நினைத்து ஆட்கள் திரும்பத் தட்டுவார்கள்.

பிரவுசர் செய்தவர்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். இரட்டைத் தட்டில் பக்கத்தைப் பெரிதாக்கும் வசதிக்காக, மொபைல் பிரவுசர்கள் ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் சுமார் 300 மில்லிசெக்கன் காத்துக் கிடந்தன. 2014இல் அன்ட்ரொயிட் குரோம் 32தான், போன் திரையின் அகலத்துக்கு எழுதிய பக்கங்களில் அந்தக் காத்திருப்பை எடுத்தது.

1984இன் மெக்கின்டொஷ் கொம்பியூட்டரில் ஒரு கிளிக் கோப்பின் சின்னப் படத்தை (ஐகனை) தேர்ந்தெடுக்கும், இரண்டு கிளிக் அதைத் திறக்கும். முதல் தட்டு தொடங்கியதை இரண்டாவது தட்டு தொடர்கிறது. தவறித் தட்டினாலும் நட்டமில்லை. ஆலைப் பட்டியலையும் கடைசியில் அப்படித்தான் மாற்றினேன். ஒரு கிளிக்கில் வரிசை நீலமாகும், அவ்வளவுதான். காசுக்குத் தனிப் பட்டன், தொகையும் அதன் மேலேயே.

## பட்டனுக்கு டபுள் கிளிக்

வேண்டாம்.

## எதையும் இரண்டு தரம் தட்டுகிறவர்கள்

டெஸ்க்டொப் படங்களில் கை பழகியவர்கள் 'சேமி' பட்டனையும் இரண்டு தரம் தட்டுவார்கள். ஒரு லொறி நெல் இரண்டு லொறியாகும். முதல் தட்டோடு பட்டனை முடக்குங்கள். அது மட்டும் போதாது. இணைப்பு அறுந்து வந்தால் அதே பதிவு மறுபடியும் போகலாம். படிவம் திறக்கும்போதே ஓர் எண் கொடுத்துவிட்டு, அதே எண் இரண்டாம் தரம் வந்தால் சேர்வர் தள்ளிவிட வேண்டும்.

## 'உறுதியா?' பெட்டி

மவுஸ் நிற்கும் இடத்தில் 'ஆம்' வந்து நிற்கக் கூடாது. இரண்டாவது தட்டு அதன்மேல்தான் விழும்.

## டபுள் கிளிக் மட்டுமே வழி

காத்தான்குடிக் கடைக்காரர் போனில் கணக்குப் பார்க்கிறார். பட்டியலில் விரலால் இரண்டு தரம் தட்ட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? 'திற' என்று கண்ணுக்குத் தெரிய ஒன்று வையுங்கள். கீபோர்டுக்காரருக்கு என்டர். டபுள் கிளிக் என்பது தெரிந்தவர்களுக்கான குறுக்குவழி.

## "சிங்கிள் கிளிக்தான் சேர் இப்ப புதுசு"

இப்படிச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. லினக்ஸில் கேடிஈ என்ற டெஸ்க்டொப் பல வருடமாக ஒரே கிளிக்கில் கோப்பைத் திறந்தது. 2024இல் அதன் பிளாஸ்மா 6 பதிப்பு வந்தபோது அவர்களே டபுள் கிளிக்கை இயல்பாக்கிவிட்டார்கள். விண்டோஸிலும் ஒரே கிளிக்கில் திறக்கும் வசதி 1997இன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 காலத்திலிருந்தே இருக்கிறது. நான் போன கடைகளில் ஒருவரும் அதைப் போட்டு நான் கண்டதில்லை.

நேற்று அந்தப் பொடியன் திரும்பி வந்தான். 300ஐ அழித்துவிட்டான். பெயருக்குப் பக்கத்தில் '+1 சட்டி' என்று ஒரு பட்டன். வீட்டில் உம்மாவிடம் கொடுத்துப் பார்த்தானாம். அவர் இரண்டு தரம் தட்டினாராம். இப்போது '−1' பட்டனும் வைத்திருக்கிறான்.