வகுப்பைப் பதிவு செய்கிறீர்களா? "இது", "அது" வேண்டாம்

கரும்பலகையைக் காட்டி "இதை இங்கே கொண்டுவந்தால் அது போய்விடும்" என்றால் எதிரே இருக்கும் மாணவருக்குப் புரியும். அதே பதிவை பஸ்ஸில் போகும்போது கேட்பவருக்கு? எதை, எங்கே என்று ஒன்றும் பிடிபடாது. "இரண்டாவது வரியில் உள்ள எக்ஸ் ஸ்கொயரை இடப்பக்கம் கொண்டுவந்தால், வலப்பக்கம் மிஞ்சுவது பூஜ்யம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

கடைசி பெஞ்சுக் கேள்வி மைக்கில் விழாது. பதில் சொல்லும் முன் அந்தக் கேள்வியை நீங்களே ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். (யோசிக்கக் கொஞ்சம் நேரமும் கிடைக்கும்!)

காலர் மைக்கை தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, நடுநெஞ்சில் குத்துங்கள். சேலைத் தலைப்போ அடையாள அட்டையின் கயிறோ அதில் உரசக் கூடாது. அந்தக் கரகர சத்தத்தை அப்புறம் நீக்குவது பெரும்பாடு. போனில்தான் பதிவு என்றால் ஏரோப்பிளேன் மோடில் போட்டு, மடித்த கைக்குட்டை மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால், டஸ்டரைத் தட்டும்போது இடி விழுந்த மாதிரி கேட்கும். தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

முதலில் ஒரு நிமிடம் பேசி, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். மைக் சுவிட்சையே போடவில்லை என்பது ஒருமுறை எனக்கு முக்கால் மணி நேரம் பேசி முடித்த பிறகுதான் தெரிந்தது.