நீளும் பட்டியலுக்குத் தானே நீளும் அச்சுப்பகுதி: எக்செலில் செய்யும் முறை

பினாங்கில் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு நன்கொடை சேரத் தொடங்கினால் எக்செல் பட்டியல் நாளுக்கு நாள் நீளும். முதல் வாரம் 40 வரி இருக்கும் தாள், தேர் புறப்படும் நேரத்தில் 300 வரியைத் தாண்டும். ஆனால் முதல் வாரம் குறித்த அச்சுப்பகுதி (தாளில் எதுவரை அச்சாக வேண்டும் என்று எக்செலில் குறிக்கும் எல்லை) அந்த 40 வரியிலேயே நிற்கும். மேலே எழுதிய மொத்தத் தொகை சரியாக இருக்கும், கீழே பெயர்கள் பாதியில் அறுந்திருக்கும். பணம் கொடுத்தவர் பந்தலில் ஒட்டிய தாளில் தன் பெயரைத் தேடிக் காணாமல் நிற்பது சிறிய விஷயமல்ல. அதே பட்டியல் ஆண்டுக் கணக்கோடு இணைப்பாகப் போகும்போது சிக்கல் இன்னும் பெரிது. மலேசியாவின் 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி, பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவகத்துக்கு ஆண்டறிக்கை போயாக வேண்டும். அந்த அவசரத்தில் வரி வரியாக எண்ணிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

அச்சுப்பகுதியைத் தானே நீளும்படி ஒருமுறை அமைத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை. கீழே உள்ள வாய்பாடுகளையும் கட்டளைப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். எக்செலில் ஆங்கில எழுத்தில் அப்படியே தட்டுங்கள்.

ஏன் தானாக நீளாது?

பேஜ் லேஅவுட் தத்தலில் பிரிண்ட் ஏரியா, செட் பிரிண்ட் ஏரியா என்று அழுத்தும்போது, எக்செல் அந்தத் தாளுக்கு மட்டும் உரிய ஒரு பெயரைப் பின்னால் உருவாக்குகிறது. அதன் பெயர் பிரிண்ட்_ஏரியா. அதற்குள் இருப்பது ஓர் எளிய முகவரி: $ஏ$1:$எஃப்$45. நடுவில் வரி செருகினால் இந்த முகவரி விரியும். கடைசி வரிக்குக் கீழே புதிதாகத் தட்டினால் விரியாது. பட்டியல்கள் கீழே தட்டித்தான் வளர்கின்றன, அதுதான் பிரச்சினை.

வாய்பாடே வேண்டாம் என்பவர்களுக்கு இதிலேயே ஒரு வழி உண்டு. பட்டியலின் அடியில் சாம்பல் நிறமிட்ட ஒரு வெற்று வரியை வைத்து, அதையும் சேர்த்து அச்சுப்பகுதி குறியுங்கள். புதுப் பெயரை எப்போதும் அந்தச் சாம்பல் வரிக்கு மேலே வரி செருகித்தான் எழுத வேண்டும். ஒரே ஆள் பதிவு செய்யும் தாளுக்கு இது போதும். மூன்று பேர் மாறி மாறி எழுதும் தாளில் யாராவது ஒருவர் சாம்பல் வரிக்குக் கீழே எழுதிவிடுவார், பிறகு அது வேலை செய்யாது.

அச்சுப்பகுதியே குறிக்காமல் விட்டால் என்ன என்று கேட்கலாம். அப்போது எக்செல் தாளில் இருக்கும் எல்லாவற்றையும் அச்சிடும். பக்கத்தில் போட்டு வைத்த கணக்குக் குறிப்பும் வரும், 1000 வரி வரைக்கும் இழுத்து வைத்த கட்டங்களும் வரும். வெற்றுத் தாள்கள் அச்சுப்பொறியிலிருந்து வந்துகொண்டே இருப்பதற்குப் பெரும்பாலும் இந்தக் கட்டங்கள்தான் காரணம். கன்ட்ரோல் + எண்ட் அழுத்திப் பாருங்கள். எக்செல் எதைக் கடைசிக் கட்டமாக நினைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

தாளை முதலில் ஒழுங்குபடுத்துங்கள்

எடுத்துக்காட்டாக இப்படி ஒரு தாள்: ஏ பத்தியில் வரிசை எண், பி-யில் தேதி, சி-யில் கொடுத்தவர் பெயர், டி-யில் ரொக்கமா டூயிட்நவ்வா (மலேசியாவின் மின்பணப் பரிமாற்ற முறை) என்ற விவரம், ஈ-யில் ரசீது எண், எஃப்-இல் தொகை. முதல் இரண்டு வரி தலைப்பு. மொத்தத் தொகை எஃப்3-இல். பத்தித் தலைப்புகள் 5ஆம் வரியில். பெயர்கள் 6ஆம் வரியிலிருந்து.

மொத்தத்தை மேலே வைத்திருப்பதைக் கவனியுங்கள். அடியில் மொத்தம் எழுதும் பழக்கம் கைக்கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. வளரும் பட்டியலுக்கு அது இடைஞ்சல், ஒவ்வொரு முறையும் கீழே தள்ள வேண்டும். எஃப்3-இல் =சம்(எஃப்6:எஃப்2000) என்று போட்டுவிட்டால் அந்த வேலை முடிந்தது. பொருளாளர் அடியில்தான் வேண்டும் என்றால் டேபிள் முறைக்குப் போங்கள், அதைப் பின்னால் சொல்கிறோம்.

அடுத்து, பக்க அமைப்பு முழுவதையும் இப்போதே முடியுங்கள். இந்த வரிசை முக்கியம். வாய்பாட்டைக் கடைசியில்தான் போட வேண்டும், ஏனென்றால் பேஜ் செட்டப் பெட்டியைத் திறந்து ஓகே அழுத்தினால், பிரிண்ட்_ஏரியாவில் நீங்கள் எழுதிய வாய்பாட்டை எக்செல் சத்தமில்லாமல் பழையபடி நிலையான முகவரியாக மாற்றிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. ‘போட்டேன், ஒரு வாரம் வேலை செய்தது, பிறகு நின்றுவிட்டது’ என்பவர்களுக்கு நடந்தது இதுதான்.

பக்க அமைப்பில் செய்ய வேண்டியவை சில. தாள் அளவை ஏ4 என்று மாற்றுங்கள். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் லெட்டர் என்று இருக்கும். அது 216 × 279 மில்லிமீட்டர், நம் ஏ4 210 × 297. ஓரம் வெட்டுப்படும். பிறகு வித் என்பதில் 1 பேஜ், ஹைட் என்பதில் ஆட்டோமேட்டிக். இரண்டையும் 1 என்று வைத்தால் 300 பெயரும் ஒரே தாளில் சுருங்கி, கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது. பிரிண்ட் டைட்டில்ஸ் அழுத்தி, ரோஸ் டு ரிப்பீட் அட் டாப் என்ற இடத்தில் $5:$5 கொடுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் பத்தித் தலைப்பு வரும். இதைப் பேஜ் லேஅவுட் தத்தலிலிருந்துதான் திறக்க வேண்டும். அச்சு முன்னோட்டத்திலிருந்து திறந்தால் அந்தப் பெட்டி மங்கிக் கிடக்கும். அடிக்குறிப்பில் பக்க எண்ணோடு மொத்தப் பக்க எண்ணிக்கையும் போடுங்கள். ‘3 / 7’ என்று இருந்தால் நகல் எடுக்கும் கடையில் ஒரு தாள் விடுபட்டாலும் கண்டுபிடிக்கலாம்.

கடைசியாக ஏ1:எஃப்45 போல ஏதோ ஒரு பகுதியைத் தேர்ந்து செட் பிரிண்ட் ஏரியா அழுத்துங்கள். பிரிண்ட்_ஏரியா என்ற பெயர், சரியான தாளுக்கு உரியதாக, இதனால் உருவாகிவிடும்.

வாய்பாடு

கன்ட்ரோல் + எஃப்3 அழுத்தினால் நேம் மேனேஜர் திறக்கும். நியூ அழுத்தி, பெயர் லிஸ்ட்ஏரியா என்றும், ஸ்கோப் என்பதில் அந்தத் தாளின் பெயரையும் கொடுங்கள். ரெஃபர்ஸ் டூ பெட்டியில் (ஷீட்1 என்பது தாளின் பெயர்):

=ஷீட்1!$ஏ$1:இன்டெக்ஸ்(ஷீட்1!$எஃப்:$எஃப்,மேக்ஸ்(6,மேட்ச்(10^9,ஷீட்1!$எஃப்:$எஃப்)))

பெட்டிக்குள் அம்பு விசையை அழுத்தினால் வாய்பாட்டுக்குள் கண்ட கண்ட முகவரி புகுந்துவிடும். முதலில் எஃப்2 விசையை ஒருமுறை தட்டிவிட்டு நகருங்கள்.

இது செய்வது இவ்வளவுதான். 10^9 என்பது நூறு கோடி. எந்த நன்கொடையும் அந்த அளவு இருக்காது என்பதால், மேட்ச் அதைத் தேடிக் கிடைக்காமல், எஃப் பத்தியில் கடைசியாக எண் இருக்கும் வரியின் எண்ணைத் தரும். இன்டெக்ஸ் அந்த வரியின் கட்டத்தைப் பிடிக்கும். ஏ1-லிருந்து அதுவரை அச்சுப்பகுதி. நடுவில் வெற்று வரி இருந்தாலும் கணக்குப் பிசகாது. மேக்ஸ்(6, …) போட்டிருப்பது, பட்டியல் இன்னும் காலியாக இருக்கும்போது பத்தித் தலைப்பு வெட்டுப்படாமல் இருக்க.

பல இடங்களில் ஆஃப்செட்டும் கவுன்ட்ஏ-வும் சேர்ந்த வாய்பாட்டைத்தான் சொல்லித் தருவார்கள். அது வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கவுன்ட்ஏ நிரம்பிய கட்டங்களை எண்ணுகிறது. நடுவில் இரண்டு கட்டம் காலியாக இருந்தால் அடியில் இரண்டு பெயர் அச்சில் விழாது. வெளியே காலியாகத் தெரிந்தாலும் உள்ளே வாய்பாடு இருக்கும் கட்டத்தையும் சேர்த்து எண்ணும். ஆஃப்செட்டோ தாளில் எது மாறினாலும் மறுபடி கணக்கிடப்படும், பெரிய கோப்பில் வேகம் குறையும்.

இப்போது அதே நேம் மேனேஜரில் பிரிண்ட்_ஏரியாவைத் தேர்ந்து, ரெஃபர்ஸ் டூ பெட்டியில் இருப்பதை அழித்துவிட்டு =லிஸ்ட்ஏரியா என்று மட்டும் எழுதி, பச்சைச் சரிக்குறியை அழுத்துங்கள். நீண்ட வாய்பாட்டை நேராக பிரிண்ட்_ஏரியாவிலேயே எழுதாமல் தனிப் பெயரில் வைத்ததற்குக் காரணம், யாராவது பேஜ் செட்டப்பைத் தொட்டு இணைப்பை அறுத்துவிட்டாலும் வாய்பாடு பத்திரமாக இருக்கும். மீண்டும் ஒரு சொல்லைத் தட்டினால் போதும்.

சரிபார்க்க எஃப்5 விசையை அழுத்தி லிஸ்ட்ஏரியா என்று தட்டுங்கள். பட்டியலில் அந்தப் பெயர் தென்படாது, ஆனாலும் தட்டி என்டர் அழுத்தினால் பகுதி முழுவதும் தேர்வாகும். அடியில் ஒரு சோதனை வரி சேர்த்து, கன்ட்ரோல் + பி (P) அழுத்திக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். வந்தால் அந்த வரியை நீக்கிவிடலாம்.

தவறு நேரும் இடங்கள்

அடிக்கடி நடப்பது, தொகை எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிவாவது. 50 என்று எழுதாமல் ஆர்எம் சேர்த்தோ, பின்னால் ‘ரிங்கிட்’ என்றோ தட்டினால், கணினியின் அமைப்பைப் பொறுத்து எக்செல் அதைச் சொல்லாக எடுத்துக்கொள்ளும். கடைசி வரியில் அப்படி நடந்தால் அந்தப் பெயர் அச்சில் வராது, மொத்தத்திலும் சேராது. கண்டுபிடிப்பது எளிது: எண் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். அந்தப் பத்தியில் கையால் இட, வல ஒழுங்கு எதுவும் வைக்காதீர்கள். வைத்தால் இந்த அடையாளம் மறைந்துவிடும். தொகைக்குப் பதில் தேதிப் பத்தியை ஆதாரமாக்க நினைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அமெரிக்க அமைப்புள்ள கணினியில் 13/05/2025 என்று தட்டினால் 13ஆம் மாதம் இல்லாததால் அது தேதியாகாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும்.

பேஜ் பிரேக் பிரிவியூவில் நீலக் கோட்டை இழுப்பதும் இணைப்பை அறுக்கும். அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

மாதாமாதம் தாளை நகலெடுப்பவர்கள், நகலெடுத்த உடனே கன்ட்ரோல் + எஃப்3 அழுத்தி, இரண்டு பெயரும் புதுத் தாளைக் குறிக்கின்றனவா, பழையதையா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

டேபிள் முறை

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கச் சந்தாப் பட்டியல் போல, பத்திகளும் கூடும் தாளுக்கு இது பொருத்தம். பட்டியலுக்குள் நின்று கன்ட்ரோல் + டி (T) அழுத்தி டேபிளாக மாற்றுங்கள். லிஸ்ட்ஏரியாவுக்கு இந்த வாய்பாடு:

=ஷீட்1!$ஏ$1:இன்டெக்ஸ்(டேபிள்1[#ஆல்],ரோஸ்(டேபிள்1[#ஆல்]),காலம்ஸ்(டேபிள்1[#ஆல்]))

வரி கூடினாலும் பத்தி கூடினாலும் அச்சுப்பகுதி விரியும். கன்ட்ரோல் + ஷிப்ட் + டி (T) அழுத்தினால் அடியில் மொத்த வரி வரும், அதுவும் அச்சில் சேரும். ஆனால் மொத்த வரி இருக்கும்போது அதற்குக் கீழே தட்டினால் டேபிள் நீளாது. கடைசிப் பெயர் வரியின் கடைசிக் கட்டத்தில் நின்று டேப் விசையை அழுத்த வேண்டும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய தாளில் டேபிள் நீளவே நீளாது, அங்கே முதல் முறைதான்.

மேக்ரோ எப்போது?

பலர் கைபடும் கோப்பு, பேஜ் செட்டப்பை யாராவது தொட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் மேக்ரோ (எக்செல் தானே ஓட்டும் சிறு நிரல்) ஒன்றே உறுதி. ஆல்ட் + எஃப்11 அழுத்தி, திஸ்வொர்க்புக் பகுதியில் வொர்க்புக், பிஃபோர்பிரிண்ட் என்று தேர்ந்து, உள்ளே ஒரே வரி:

ஷீட்1.பேஜ்செட்டப்.பிரிண்ட்ஏரியா = ஷீட்1.ரேஞ்ச்("லிஸ்ட்ஏரியா").அட்ரெஸ்

அச்சிடும் ஒவ்வொரு முறையும் முகவரி புதிதாக எழுதப்படும், ஆகவே முன்பு என்ன அறுந்திருந்தாலும் பாதகமில்லை. இங்கே ஷீட்1 என்பது இடப்பக்கப் பட்டியலில் அடைப்புக்கு வெளியே தெரியும் உட்பெயர். தாளுக்கு ‘நன்கொடை’ என்று தமிழில் பெயர் வைத்திருந்தால் மேக்ரோ எழுதும் சாளரம் அதைக் கேள்விக்குறிகளாகக் காட்டும். உட்பெயரைப் பயன்படுத்தினால் அந்தத் தொல்லை இல்லை. கோப்பை எக்ஸ்எல்எஸ்எம் வகையில் சேமியுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால், இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோவை 2022 முதல் ஆபிஸ் தானாகவே தடுக்கிறது. பெறுபவர் கோப்பின் மேல் வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் அன்பிளாக் என்பதைக் குறியிட்ட பிறகுதான் அது ஓடும்.

கூகுள் ஷீட்ஸில் சேமித்து வைக்கும் அச்சுப்பகுதி என்று ஒன்று இல்லை. அச்சிடும்போது பகுதியைத் தேர்ந்து, செலெக்டட் செல்ஸ் என்று கொடுக்க வேண்டியதுதான்.