மெனு கார்டைப் பார்த்து மிரளாமல் இத்தாலியச் சாப்பாடு

வேலை கிடைத்த சந்தோஷத்தில் அண்ணன் மகள் எங்கள் ஆறு பேரையும் பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலின் இத்தாலிய உணவகத்துக்குக் கூட்டிப்போனாள். மெனு கார்டை விரித்ததும் அண்ணன் கேட்டார்: "ஏத்தா, இதுல எதுக்கு சால்னா ஊத்துவாய்ங்க?" அன்று நாங்கள் சொதப்பியதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

1. உட்கார்ந்ததும் "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?" என்பார்கள். தண்ணீரைத்தான் கேட்கிறார்கள். ஸ்பார்க்ளிங் என்றால் உப்பில்லாத சோடா மாதிரி. இரண்டுமே காசு கொடுத்து வாங்கும் பாட்டில். சாதாரணத் தண்ணீர் போதும் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

2. மெனுவை மேலிருந்து கீழாகப் படியுங்கள். அது சாப்பிடும் வரிசை. ஆன்டிபாஸ்தி கொறிக்க. அடுத்து பிரிமி: பாஸ்தா, ரிசொட்டோ என்னும் குழைந்த அரிசிச் சோறு, சூப். பிறகு செகோந்தி: மீன், கறி. அதற்குத் தொட்டுக்கொள்ளக் காய்கறி தனியாக, கொந்தோர்னி. கடைசியில் இனிப்பு, தோல்சி. நம் இலையில் எல்லாம் ஒன்றாக வந்து உட்காரும். அங்கே ஒன்று முடிந்துதான் அடுத்தது. எல்லா வகையும் வாங்கவேண்டிய கட்டாயம் கிடையாது. நாங்கள் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கொண்டுவரச் சொல்லி, பீட்சாவை முடிப்பதற்குள் பாஸ்தா ஆறிக் கட்டியாகிவிட்டது. முதலில் இரண்டு, மூன்று மட்டும் சொல்லுங்கள்.

பெயர் வாயில் நுழையாவிட்டால் விரலால் காட்டலாம். ஆனால் ஞொக்கி என்று சொல்ல தமிழனுக்கு என்ன கஷ்டம்? 'ஞ' நம்மிடம் இருக்கிறதே! உருளைக்கிழங்கு மாவில் செய்யும் குட்டிக் கொழுக்கட்டை அது. சுட்ட ரொட்டித் துண்டின் மேல் தக்காளி வைத்துத் தரும் ப்ருஸ்கெட்டாவில் 'ஷ' கிடையாது, 'ஸ்க'தான்.

3. பாஸ்தா வேகவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். அல் தெந்தே என்பது பல்லில் லேசாகத் தட்டுப்படும் பதம். சேமியா போலக் குழைந்தால்தான் அங்கே தப்பு. பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மிளகாயும் போட்ட ஆலியோ ஒலியோ நம் நாக்குக்குச் சுலபமாக ஒத்துவரும். ரிசொட்டோ குழைந்த வெண்பொங்கலுக்குச் சொந்தக்காரன்.

4. சைவமா? இதில் கவனம். கார்போனாரா என்ற பாஸ்தாவில் முட்டையும் பன்றி இறைச்சியும் உண்டு. திராமிசு என்ற இனிப்பில் வழக்கமாக முட்டை சேரும். அசல் பார்மெசான் சீஸுக்குப் பாலைத் திரிக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைச் சேர்ப்பார்கள். பேசில் இலையை அரைத்துச் செய்யும் பச்சைச் சட்னியான பெஸ்டோவிலும் அந்தச் சீஸ் விழும். எங்கள் மதினி பாதி சாப்பிட்ட பிறகுதான் இது தெரியவந்தது. வீடு வரை யாரிடமும் பேசவில்லை. ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

5. ஸ்பகெட்டியைக் கத்தியால் வெட்ட வேண்டாம். நாலைந்து இழையை மட்டும் முள்கரண்டியில் பிடித்து, தட்டின் ஓரத்தில் ஊன்றிச் சுற்றுங்கள். பீட்சாவைக் கையால் எடுக்கலாம். தட்டில் மிஞ்சும் சாஸை ரொட்டியால் வழித்துத் தின்பதற்கு இத்தாலியர்கள் ஸ்கார்பெட்டா என்று பெயரே வைத்திருக்கிறார்கள். சின்னச் செருப்பு என்று அர்த்தம். ரொம்ப நாகரிகமான மேசையில் சிலர் முகம் சுளிப்பார்கள். அண்ணன் அதையெல்லாம் பார்க்கவில்லை. பரோட்டாவால் சால்னாவை வழிக்கிற அதே வேகம்.

6. பில்லைப் படித்துப் பாருங்கள். தனி உணவகம் என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் என்றால் 18. சர்வீஸ் சார்ஜ் வேறு. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். பரிமாறிய தம்பிக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள்.