அமெரிக்காவில் ஹீமடோபேத்தாலஜி ஃபெலோஷிப்: விண்ணப்பமும் அந்த ஒரு வருடமும்

அமெரிக்காவில் பேத்தாலஜி (நோய்க்குறியியல்) ரெசிடென்சி செய்துகொண்டிருப்பவர்களுக்கான பதிவு இது; அதற்குப் பின் செய்யும் ஹீமடோபேத்தாலஜி (ரத்த நோய்க்குறியியல், சுருக்கமாக ஹீம்பாத்) ஃபெலோஷிப் பற்றியது. யுஎஸ்எம்எல்இ (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வு) எழுதுவது, ரெசிடென்சிக்குள் நுழைவது பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதைத் தொடப்போவதில்லை. ரத்தம், எலும்பு மஜ்ஜை, நிணநீர் முடிச்சு என்று மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, அடுத்து என்ன என்பவர்கள் மட்டும் தொடர்ந்து படிக்கலாம்.

படி 1: ரொட்டேஷனை முன்னால் இழுங்கள்

ஃபெலோஷிப் ஒரு வருடம்தான். வழக்கமாக ஜூலையில் தொடங்கும். ஆனால் விண்ணப்பம் அதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே கிளம்பியாக வேண்டும். நான்கு வருட ஏபி/சிபி (அனாட்டமிக், கிளினிக்கல் பேத்தாலஜி இரண்டும் சேர்ந்த) ரெசிடென்சி என்றால், இரண்டாம் வருடக் கடைசி அல்லது மூன்றாம் வருடத் தொடக்கம்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஹீம்பாத் ரொட்டேஷன் மூன்றாம் வருட நடுவில் வருகிறது என்றால், உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் தர வேண்டிய அட்டெண்டிங் (மூத்த மருத்துவர்) உங்களை அதுவரை பார்த்தே இருக்கமாட்டார். என் அட்டவணையும் அப்படித்தான் இருந்தது. சீஃப் ரெசிடென்டிடம் போய், "சர்ஜிகல் பேத்தாலஜி மாதம் ஒன்றைப் பிறகு செய்கிறேன், ஹீம்பாத்தை முன்னால் போட முடியுமா?" என்று கேட்டேன். இடம் மாற்றிக்கொள்ள இன்னொருவர் சம்மதித்ததும் வேலை முடிந்தது. காரணத்தைச் சொல்லி முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். கேட்காமல் இருந்தால் யாரும் தானாக மாற்றித் தரப்போவதில்லை.

வழக்கமாக மூன்று கடிதங்கள் கேட்பார்கள். ஒன்று உங்கள் புரோகிராம் டைரக்டருடையது. மற்ற இரண்டில் ஒன்றாவது, மல்டிஹெட் மைக்ரோஸ்கோப்பில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்லைடு பார்த்த ஹீமடோபேத்தாலஜிஸ்ட் எழுதியதாக இருக்கட்டும். உங்களை வராந்தாவில் மட்டுமே பார்த்திருக்கும் பெரிய பேராசிரியரின் நாலு வரி அதற்கு ஈடாகாது.

படி 2: எங்கே, எப்படி அனுப்புவது

ரெசிடென்சிக்கு இருந்ததுபோல எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவைக்கும் மேட்ச் (இடங்களைப் பொதுவாக ஒதுக்கும் முறை) இல்லாமலே நெடுங்காலம் ஓடிய துறை இது. அதனால் அந்தந்த புரோகிராமின் இணையப் பக்கம் சொல்வதுதான் சட்டம். பல இடங்களில் சிஏபி (காலேஜ் ஆஃப் அமெரிக்கன் பேத்தாலஜிஸ்ட்ஸ்) தயாரித்த பொது விண்ணப்பப் படிவத்தை ஏற்கிறார்கள், சில இடங்களில் தங்கள் சொந்தப் படிவம்தான் வேண்டும் என்பார்கள். கடைசித் தேதி ஒவ்வொன்றுக்கும் வேறு.

இதற்கென்று எந்தச் செயலியும் வேண்டாம். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும்: புரோகிராம், கோ-ஆர்டினேட்டரின் மின்னஞ்சல், கடைசித் தேதி, எந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது, எந்த விசா தருவார்கள். கடைசியில் உள்ள விசா நெடுவரிசையை முதலிலேயே நிரப்பிவிடுங்கள். அதை வைத்தே பட்டியலில் பாதி கழிந்துவிடலாம்.

பெர்சனல் ஸ்டேட்மென்ட் ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். சிறுவயதில் மைக்ரோஸ்கோப் கிடைத்த கதையும் வேண்டாம். நீங்கள் பார்த்த ஒரு கேஸ், அதில் எது உங்களை யோசிக்க வைத்தது, ஃபெலோஷிப்புக்குப் பிறகு என்ன வேலை செய்ய விருப்பம், இவ்வளவு போதும்.

படி 3: நேர்காணலும் அவசர ஆஃபரும்

மேட்ச் இல்லாத இடத்தில் நேர்காணல் முடிந்த கையோடு ஆஃபர் வந்துவிடலாம், "சில நாட்களுக்குள் பதில் வேண்டும்" என்ற வரியோடு. உங்கள் முதல் விருப்பம் அப்போது நேர்காணலுக்கே கூப்பிட்டிருக்காது. அந்த நேரத்தில் தயங்காமல் முதல் விருப்பத்துக்கு எழுதிவிடுங்கள்: கையில் ஓர் ஆஃபர் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், உங்கள் இடத்தில்தான் எனக்கு விருப்பம் அதிகம். இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஓர் இடத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டுப் பின்வாங்காதீர்கள். ரொம்பச் சின்ன உலகம் இது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

நேர்காணலில் நீங்கள் கேட்க வேண்டியவை: ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களின் குறியீடுகளைக் கருவியால் அளக்கும் சோதனை) கேட்டிங் (செல் கூட்டங்களைப் பிரித்துக் குறிப்பது) செய்வது ஃபெலோவா, டெக்னாலஜிஸ்ட் மட்டுமா? நிணநீர் முடிச்சுகள் ஹீம்பாத் மேசைக்கு வருமா, சர்ஜிகல் பேத்தாலஜிக்குப் போய்விடுமா? குழந்தைகள் கேஸ் உண்டா? மாலிக்குலர், சைட்டோஜெனடிக்ஸ் முடிவுகளைச் சேர்த்து இறுதி அறிக்கை எழுதுவது யார்? கடந்த சில வருட ஃபெலோக்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் ஸ்ப்ரெட்ஷீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: அந்த ஒரு வருடம்

தினசரி வேலை சொன்னால் எளிது. காலையில் மஜ்ஜை ஸ்லைடுகள் வரும், நீங்கள் முதலில் பார்த்து வரைவு எழுதுவீர்கள், பிறகு அட்டெண்டிங்குடன் சைன் அவுட், அதாவது அறிக்கையை இறுதிசெய்வது. எண்ணுவதில்தான் ஆள் தடுமாறும்.

மஜ்ஜை ஆஸ்பிரேட் (ஊசியால் உறிஞ்சிய மஜ்ஜை) ஸ்மியரில் 500 செல், ரத்த ஸ்மியரில் 200 செல் எண்ண வேண்டும். எங்கே எண்ணுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. மஜ்ஜைத் துகள்களை ஒட்டி, செல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் விரிந்திருக்கும் இடத்தில் எண்ணுங்கள். துகளே இல்லாத ஸ்மியர் என்றால் ரத்தம் கலந்து நீர்த்துப்போனது, அதில் பிளாஸ்ட் (முதிராத செல்) சதவீதம் குறைவாகத்தான் தெரியும். ஆஸ்பிரேட்டின் முதல் இழுப்பு ஸ்மியருக்குப் போக வேண்டும். அது ஃப்ளோ குழாய்க்குப் போய்விட்டால் உங்கள் ஸ்லைடில் மிஞ்சுவது பெரும்பாலும் ரத்தம்தான். ஃப்ளோ காட்டும் பிளாஸ்ட் சதவீதத்தை ஸ்மியர் எண்ணிக்கைக்குப் பதிலாகப் போடவும் கூடாது.

கருவி பற்றி என் கட்சி இதுதான்: 100 எக்ஸ் ஆயிலை மறந்துவிட்டு 50 எக்ஸ் ஆயில் லென்ஸ் கேளுங்கள். பார்வைப்பரப்பு அகலம், நியூக்ளியஸ் விவரமும் போதுமான அளவு தெரியும். எண்ணுவதற்குப் பொத்தான் தட்டும் பழைய கவுண்டர்தான் நல்லது. கைபேசிச் செயலியில் பொத்தான் விரலுக்குத் தட்டுப்படாது, கண் ஸ்லைடை விட்டு நகர்ந்துவிடும்.

ஃப்ளோவில் முதல் மாதங்களில் பயமுறுத்துவது ஹீமடோகோன்கள், அதாவது இயல்பான பி-செல் முன்னோடிகள். கீமோதெரபிக்குப் பின் மீளும் மஜ்ஜையில், குறிப்பாகக் குழந்தைகளிடம், சிடி10, சிடி19 குறியீடுகள் பாசிட்டிவாக ஒரு கூட்டம் தெரியும். பி-ஏஎல்எல் (ஒருவகை லுகீமியா) திரும்பிவிட்டதா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். சிடி10-ஐயும் சிடி20-ஐயும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள். இயல்பான முன்னோடி செல்கள் முதிர முதிர சிடி10 படிப்படியாக இறங்கும், சிடி20 ஏறும், புள்ளிகள் வளைந்த வால்போல நீளும். லுகீமியா செல்கள் அந்தப் பாதையை விட்டு விலகி ஒரே இடத்தில் திட்டாக நிற்கும். குறிப்பேட்டில் இந்தப் படத்தைக் கையால் வரைந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஃப்ளோ அறிக்கையைத் திறப்பதற்கு முன் ஸ்மியரைப் பார்த்து உங்கள் அபிப்பிராயத்தை ஒரு வரியாவது எழுதிவிடுங்கள். விடையைப் பார்த்தபின் எந்தச் செல்லும் பிளாஸ்டாகத்தான் தெரியும்.

எழுதிக்கொண்டிருக்காமல் உடனே போனை எடுக்க வேண்டிய கேஸும் உண்டு: ஏபிஎல், அதாவது அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகீமியா. ஆவர் ராடு (ஊசி போன்ற சிவப்புக் குச்சி) குவிந்த செல்களோ, செல்லுக்குள் துகள் தெரியாமல் இரட்டை மடலாய்ப் பிளந்த நியூக்ளியஸோ கண்ணில் பட்டால், பிஎம்எல்::ராரா (அதை உறுதிசெய்யும் மரபணு இணைவு) முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. ரத்தக்கசிவில் நோயாளி போய்விடக்கூடிய நோய் இது, சந்தேகம் வந்த உடனே ஆட்ரா மருந்தைத் தொடங்கிவிடுவார்கள்.

வாசகர்கள் கேட்டதால் சேர்த்தவை

"எந்த வகைப்பாட்டைப் படிப்பது?" 2022-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்தாம் பதிப்பும் ஐசிசியும் (இன்டர்நேஷனல் கன்சென்சஸ் கிளாசிஃபிகேஷன்) தனித்தனியாக வந்ததிலிருந்து இந்தத் தலைவலி. வகையைத் தீர்மானிக்கும் மரபணு மாற்றம் எதுவும் குறுக்கிடவில்லை என்றால், மஜ்ஜையில் 12 சதவீதம் பிளாஸ்ட் உள்ள நோயாளி உலக சுகாதார நிறுவனத்தின் பதிப்பில் எம்டிஎஸ்-ஐபி2 (பிளாஸ்ட் கூடிய எம்டிஎஸ், அதாவது மஜ்ஜைச் செல்கள் சரியாக முதிராத நோய்), ஐசிசியில் எம்டிஎஸ்/ஏஎம்எல் (அதற்கும் அக்யூட் மைலாய்ட் லுகீமியாவுக்கும் இடைப்பட்ட வகை). உங்கள் மருத்துவமனை அறிக்கையில் எது முதலில் வருகிறதோ அதை மனதில் ஏற்றுங்கள், மற்றதை அதோடு ஒப்பிட்டு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்.

"விசா?" ஜே-1 என்றால் ரெசிடென்சியில் இருந்ததுபோலவே ஈசிஎஃப்எம்ஜி (வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான அமெரிக்க அமைப்பு) ஸ்பான்சர்ஷிப்பும் புதிய டிஎஸ்-2019 படிவமும் வேண்டும். ஹெச்-1பி என்றால் யுஎஸ்எம்எல்இ ஸ்டெப் 3 முடித்திருக்க வேண்டும், அதையும் எல்லா புரோகிராமும் தருவதில்லை. ஜே-1-இன் இரண்டு வருடத் தாயக நிபந்தனை (சொந்த நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும் என்பது) உங்களுக்கு இருந்தால், அதிலிருந்து விலக்குத் தரும் கான்ராட் 30 போன்ற வேய்வர் வேலைகளைத் தேடுவதை ஃபெலோஷிப் தொடங்கியதுமே ஆரம்பித்துவிடுங்கள். அந்த வருடத்தின் பாதிக்குமேல் வேலை நேர்காணலிலேயே போகும்.

"சொந்த நாட்டில் பேத்தாலஜி எம்டி முடித்திருக்கிறேன், நேராக ஃபெலோஷிப்புக்கு வரலாமா?" விதிவிலக்காகச் சேர்த்துக்கொள்ளும் புரோகிராம்கள் உண்டு. ஆனால் அந்த ஒரு வருடத்தை மட்டும் வைத்து அமெரிக்கன் போர்டு ஆஃப் பேத்தாலஜியின் ஹீமடோபேத்தாலஜி தேர்வை எழுதிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சேருவதற்கு முன் போர்டுக்கே எழுதிக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.