பார்லி முளைத்தீவனம்: தராசை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

மண்ணில்லாமல் ட்ரேயில் பரப்பித் தண்ணீர் தெளித்து ஒரு கிலோ பார்லி விதையை முளைக்கவிட்டால் எட்டாம் நாள் ஆறேழு கிலோ பசுந்தீவனம் கிடைக்கும் என்று சொல்லித்தான் கடலூர், புதுச்சேரி பக்கம் நிலமில்லாமல் மாடு வளர்ப்பவர்களிடம் ட்ரேயும் கொட்டகையும் விற்கிறார்கள். பொய் சொல்லவில்லை, தராசில் வைத்தால் அந்த எடை நிற்கும். ஆனால் கூடிய எடை எல்லாம் தண்ணீர்தான், அங்கேதான் பலரும் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள்.

ஒரு கிலோ விதையில் சுமார் 900 கிராம் உலர் பொருள், அதாவது தண்ணீரை நீக்கினால் மிஞ்சுவது, இருக்கிறது. அது 6 கிலோ தீவனமாகி, அதில் 13% உலர் பொருள் என்று வைத்துக்கொண்டால் 780 கிராம் வருகிறது. குறைந்திருக்கிறதே தவிர கூடவில்லை, ஏனென்றால் முளை வளர்வதற்கு விதையில் இருக்கும் மாவுச்சத்தைத்தான் எரிக்கிறது. அப்புறம், புரதம் 12 சதவீதத்திலிருந்து 14 ஆகிறது என்பார்கள். 900 கிராமில் 12% என்றால் 108 கிராம், 780 கிராமில் 14% என்றால் 109 கிராம். மாவுச்சத்து குறைந்ததால் சதவீதம் ஏறித் தெரிகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் பயனே இல்லையா? இருக்கிறது. பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் விதையில் இருப்பதைவிட நிறையவே கூடும், தாதுக்களைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டிக் அமிலம் குறையும், மாடும் வேரோடு சேர்த்து ஆசையாகத் தின்னும். மாதக்கணக்கில் வைக்கோலை மட்டுமே மெல்லும் மாட்டுக்கு இது பெரிய விஷயம்.

இதை நம்பி அடர்தீவனத்தையும் (பிண்ணாக்கு, தவிடு மாதிரியானவை) வைக்கோலையும் ஒரேயடியாகக் குறைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. 400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு நாளுக்கு 10 முதல் 12 கிலோ உலர் பொருள் வேண்டும், முளைத்தீவனம் 10 கிலோ போட்டாலும் அதில் வருவது 1.3 கிலோதான். நார்ச்சத்து போதாமல் அசை போடுவது குறையும், சாணி இளகும், சொசைட்டியில் பால் ஊற்றும்போது கொழுப்பு இறங்கியிருக்கும். ட்ரேயில் பாய் மாதிரி பின்னிக் கிடக்கும் வேரைக் கையால் கிழித்து, நறுக்கிய வைக்கோலோடு கலந்து கொடுங்கள். பாகூர் பக்கமும் சிதம்பரம் பக்கமும் அறுவடை நேரத்தில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. தாது உப்புக் கலவையையும் நிறுத்தாதீர்கள்.

அடுத்தது பூஞ்சணம், இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம். பார்லிக்கு ஏற்றது சுமார் 20 டிகிரி குளிர்ச்சி. நம் கடற்கரை வெக்கையிலும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்திலும் மூன்றாம் நாளே விதைக்கு நடுவில் வெள்ளை நூல் படர்ந்து, ட்ரேயைத் தூக்கினால் அடியில் கொழகொழவென்று புளித்த வாடை அடிக்கும். மேலே புல் பச்சையாகத்தான் இருக்கும், அதனால் ட்ரேயைப் புரட்டிப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். முளைப்பார்லியில் வளரும் ஒருவகை ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் நஞ்சு நரம்பைத் தாக்கும்: மாடு நடுங்கும், பின்னங்கால் தள்ளாடும், விழுந்த மாடு எழுவது கடினம். கெட்ட இடத்தை மட்டும் பிய்த்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுப்பதும் தப்பு, அந்த ட்ரே முழுவதும் குப்பைக்குத்தான் போக வேண்டும். உடைந்த விதையையும் தண்ணீரில் மிதக்கும் சாவியையும் (பதரையும்) முதலிலேயே நீக்குவது, விதையை நெருக்கிக் கொட்டாமல் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புவது, ஒவ்வொரு முறையும் ட்ரேயைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவிக் காயவைப்பது, இவற்றிலேயே பாதி தொல்லை தீரும்.

விதைப்புக்கென்று சிவப்பு, நீலச் சாயத்தோடு வரும் விதையைத் தொடாதீர்கள், அது மருந்து கலந்தது.

இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று பத்து பன்னிரண்டு நாள் விடுகிறார்கள். உயரம் கூடும், உலர் பொருள் இன்னும் கரையும். ஏழெட்டு நாளில் எடுத்துவிடுங்கள்.

செலவைப் பார்ப்பதென்றால் விதை, கரண்ட், ஆள்கூலி எல்லாம் கூட்டி அந்த 780 கிராமால் வகுத்துப் பாருங்கள். கால் ஏக்கர் பாசன நிலம் இருப்பவர் கம்பு நேப்பியர் தீவனப்புல் கரணை நட்டுவிடுவதே மேல் என்பது என் கருத்து. இடமே இல்லாத, ரெண்டு ஆடோ ஒரு மாடோ வைத்திருப்பவர் தாராளமாகச் செய்யலாம், ஆனால் பார்லியே வேண்டும் என்று வடக்கிலிருந்து வரும் விதைக்குக் காத்திருக்க வேண்டாம். விருத்தாசலம், வேப்பூர் பக்கம் விளையும் மக்காச்சோளம் நம் வெயிலை இன்னும் நன்றாகத் தாங்கும். எந்த விதையானாலும் மூட்டையாக வாங்கும் முன் நூறு விதையை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள், எண்பதுக்குக் கீழே முளைத்தால் அந்த விதை வேண்டாம்.