பிரேக் கணக்கை முதலில் இரண்டாக வெட்டுங்கள்
கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போகிற ரோட்டில், தென்னந்தோப்புக்குள்ளிருந்து மாடு எப்போது குறுக்கே வரும் என்று சொல்ல முடியாது. அதையே கணக்காக வைத்துக்கொள்வோம். பைக்கின் வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர், மாடு 40 மீட்டர் முன்னால், பார்த்துப் பிரேக் பிடிக்க 0.8 நொடி, எதிர்முடுக்கம் (பிரேக் பிடித்தபின் வேகம் நொடிக்கு நொடி குறையும் அளவு) 5 மீ/வி². மாடு தப்புமா?

என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் முதலில் சறுக்குவது, 40 மீட்டர் முழுவதையும் ஒரே சூத்திரத்தில் போடுவதில்தான். பிரேக்கில் கைபடும்வரை வண்டிக்கு முடுக்கமே இல்லை, அது பாட்டுக்குப் பழைய வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அதனால் நோட்டில் ஒரு கோடு போட்டு, பிரேக் பிடித்த இடத்தில் வெட்டுங்கள்.

54-ஐ 5/18-ஆல் பெருக்கினால் 15 மீ/வி. (இதை மறந்து 54-ஐ அப்படியே போட்டால் பைக் கால் கிலோமீட்டருக்கு மேல் போய்த்தான் நிற்கும்.) முதல் துண்டு, 15 × 0.8 = 12 மீட்டர். இரண்டாவது துண்டுக்கு வேகத்தின் வர்க்கத்தை எதிர்முடுக்கத்தின் இருமடங்கால் வகுக்கவும்: 225/10 = 22.5. மொத்தம் 34.5 மீட்டர், மாடு தப்பித்தது.

இப்போது 72-இல் வந்தால்? 20 மீ/வி. 16 + 40 = 56 மீட்டர், மோதல்தான். பலரும் இதோடு பேனாவை மூடிவிடுவார்கள், ஆனால் எனக்குப் பிடித்த கேள்வியே அடுத்ததுதான்: எந்த வேகத்தில் மோதும்? பிரேக்குக்கு மிச்சம் 24 மீட்டர். ஆரம்ப வேகத்தின் வர்க்கத்திலிருந்து 2 × எதிர்முடுக்கம் × தூரத்தைக் கழித்தால் மோதும் வேகத்தின் வர்க்கம்: 400 − 2 × 5 × 24 = 160, வர்க்கமூலம் 12.6 மீ/வி, அதாவது மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல். பிரேக் பிடித்தும் இவ்வளவு!

0.8 எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். நண்பரை ஸ்கேலைத் தொங்கப் பிடிக்கச் சொல்லி, சொல்லாமல் விடச் சொல்லுங்கள். 20 சென்டிமீட்டர் விழுந்தபின் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் சுமார் 0.2 நொடி. ஆனால் அது விழும் என்று தெரிந்தே காத்திருந்த கை. ரோட்டில் யாரும் மாட்டுக்காகக் காத்திருப்பதில்லை, கூடத்தான் ஆகும்.

மாட்டில் மோதாமல் நிற்கக்கூடிய அதிகபட்ச வேகம் கேட்டால், இரண்டு துண்டும் சேர்ந்து 40 மீட்டர், அதாவது 0.8 × வேகம் + வேகத்தின் வர்க்கம்/10 = 40; பத்தால் பெருக்கி, வேகத்தின் வர்க்கம் + 8 × வேகம் = 400 என்று எழுதித் தீர்க்கவும். 16.4 மீ/வி, கிட்டத்தட்ட 59 கிலோமீட்டர். "அப்போ ராத்திரியில, மாஷே?" என்றான் ஒரு பையன் (மாஷ் என்றால் வாத்தியார்). ஹெட்லைட்டில் 30 மீட்டர்தான் தெரிகிறது என்றால் 40 இருந்த இடத்தில் 30 வரும், 400 இருந்த இடத்தில் 300, போட்டுப் பார் என்றேன். 50-க்குக் கொஞ்சம் கீழே வந்தது.